கயிற்றின் மறுமுனை

பங்குனி 5, வியாழன்

இன்று நூலக வகுப்பில் முத்துக்குளி விளையாட்டு. கடல் அடங்கியிருக்கும் பங்குனியில்தான் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தார்கள் என்று சொல்லி, நீண்ட மேசைமேல் நீலத் துணியைத் தரைவரை விரித்தேன். ஒரு பிள்ளை இடுப்பில் கயிற்றோடு மேசைக்கடியில் போய், அங்கே பரப்பியிருக்கும் கதைப்புத்தகங்களில் ஒன்றை எடுத்ததும் கயிற்றை இழுக்க வேண்டும். வெளியே கயிறு பிடித்திருக்கும் பிள்ளை அவனை வெளியே இழுத்துவிட வேண்டும். சத்தம் அதிகம் என்று ஹெச்.எம். முகம் சுளித்தார். சுளிக்கட்டும். எடுத்ததை எல்லாப் பிள்ளைகளும் வாசித்தார்கள்.

கடைசியாகக் கயிறு பிடித்தது மூன்றாம் வகுப்பு ஜெனிபர். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இழுக்காங்க டீச்சர்" என்றாள்.

உள்ளே போன அந்தோணியோ என் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றான். "நான் அப்பவே கயித்த அவுத்துட்டு இங்கன வந்துட்டேனே."

துணியைத் தூக்கிப் பார்த்தேன். நுனி தரையில் சும்மா கிடந்தது. கயிற்றை விடச் சொன்னேன்.

"இழுத்தா விடக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காவ."

மணி அடித்தது. "அப்ப நீங்க பிடிங்க டீச்சர்" என்று என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். துணியைக் கீழே விட்டதும் கயிறு விறைத்தது. இரண்டு முறை இழுபட்டது.

கயிற்றை விட்டுவிட்டேன். கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் அப்பா கரைக்கு வந்துவிட்டாரா என்று கேட்க, சாயங்காலத்திலிருந்து அவள் அம்மா நம்பரை எடுத்து எடுத்து வைக்கிறேன்.