மாப்பிள்ளை செய்யும் தோட்டா

அன்புள்ள நாகரத்தினத்துக்கு,

நான் சுகம், உன் முழங்கால் எப்படி? எழுதப்போவது:
1. நம் மாப்பிள்ளை துப்பாக்கித் தோட்டா செய்கிறார்.
2. அவர் படித்த முட்டாள்.
3. எனக்குச் சுக்குப்பொடி வேண்டும்.

அமெரிக்காவில், இந்தக் கேட்டி ஊரில் இது பொழுதுபோக்காம். எவ்வளவு வெடிமருந்து போடலாம் என்று மென்பொருள் கணக்கிடுகிறது. தோட்டாவின் நீளத்தை இவர் அளக்கவில்லை. மென்பொருளில் ஏற்கெனவே இருந்த அளவை அப்படியே விட்டுவிட்டார். என்னை நம்பாமல் திரும்பத் திரும்ப அளந்தேன், நீளம் அந்த அளவைவிடக் குறைவு. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறி, துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கலாம். மாப்பிள்ளையிடம் நேரே சொல்லக் கூசி, மகள் பிரீத்தி மூலம் சொன்னேன்.

"ஸ்கிரீன்ல எல்லாம் கிரீன்தான் மாமா, ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சிரித்தார். இந்த ஜென்மத்துக்கு எந்தக் கல்லூரி பட்டம் கொடுத்ததோ!

சுக்குப்பொடியோடு நாலு வரி எழுது. பகலில் பேச ஆளில்லை.

இதை எழுதும்போதே மாப்பிள்ளை கராஜிலிருந்து கூப்பிட்டார், போய் வந்தேன். எல்லாத் தோட்டாவையும் பிரித்து மருந்தைக் கொட்டியிருக்கிறார். "இனிமே நீங்களே அளந்து சொல்லுங்க மாமா" என்கிறார். மேலே நான் எழுதிய இரண்டாவது வரி தவறு, அடித்துவிடு.

மணியன்