நூற்று இருபத்தொன்றில் அந்த ஒரு ரூபாய்

அனுப்புநர்
கோ. பன்னீர்செல்வம்,
கொள்முதல் மற்றும் கணக்கு ஆலோசகர்,
லேக் மார்க்கெட் பின்புறம்,
கொல்கத்தா – 29.

பெறுநர்
நலப்பிரிவு மேலாளர் அவர்கள்,
பூர்வகங்கா எந்திரப் பணிமனை,
சாந்த்ராகாச்சி, ஹவுரா மாவட்டம்.

பொருள்: ஊழியர் உணவக ஒப்பந்ததாரர் திருமதி ராஜம் அவர்களை 31.1.2025-க்குள் காலி செய்யச் சொன்ன உத்தரவு – சதவீதக் கணக்கில் உள்ள தவறு – உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 13.1.2025 (போகியன்று மாலை கையில் தரப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இப்படித்தான் வந்து முடியும் என்று ஒன்பது மாதம் முன்பே நான் சொல்லிவிட்டேன் என்பதை முதலில் பணிவுடன் பதிவு செய்கிறேன். சென்ற வங்காள வருடப் பிறப்பன்று லேக் மார்க்கெட்டில் பத்துப் பேர் முன்னிலையில், இருபத்தெட்டு ரூபாய்த் தேங்காய் நாற்பத்தைந்துக்குப் போகும், உணவகம் நடத்துகிறவர்கள் விலையை ஏற்றுவார்கள், அதிகாரிகள் வருவார்கள், வம்பு வரும் என்று வரிசையாகச் சொன்னேன். தேங்காய் நாற்பத்திரண்டுக்குப் போனது. மூன்று ரூபாய்தான் தவறினேன். அந்த மூன்றை உண்மை விலையான நாற்பத்திரண்டால் வகுத்தால் என் பிழை ஏழு சதவீதம். மழை வருமா வராதா என்று சொல்லச் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு நெருங்குவதில்லை. இத்தனையும் தெரிந்த நான், இன்று என் கூடப்பிறந்தவளுக்கு ஒரு வழி சொல்லத் தெரியாமல் தங்கள் முன் நிற்கிறேன்.

2. ராஜம் என் ஒரே தங்கை. அவர் கணவர் தங்கள் பணிமனையின் பெயின்ட் பிரிவில் வேலை செய்து, பணியில் இருக்கும்போதே காலமானவர். அதன்பின் இந்த உணவகத்தை எடுத்துப் பதினோரு வருடமாக நடத்துகிறார். அவரோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். தினமும் ஐந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள். தாங்களும் சென்ற மாதம் ஒருநாள் வந்து வத்தக்குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கியதாகவும், திருச்சிப் பக்கத்துக்காரர் என்றும் ராஜம் சொன்னார். அதனால்தான் இதைத் தமிழில் எழுதத் துணிந்தேன். ஆங்கிலப் படி ஒன்றை, எங்களோடு பழகித் தமிழ் கற்ற அடுத்த வீட்டு வங்காளிப் பெண் ஸ்மிதா தனியாகத் தருவார். மனதில் இருப்பது அதில் பாதிதான் இருக்கும்.

3. என்னைப் பற்றி ஒரு வரி. ஒன்பதாம் வகுப்புவரை கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. பத்தாம் வகுப்புக்கு எனக்கு அவசியம் ஏற்படவில்லை. பிறகு ஒரு தனியார் கம்பெனியின் ஸ்டோரில், ஸ்டோர்ஸ் அதிகாரிக்கு மிக அருகில் உட்கார்ந்து இருபத்தாறு வருடம் பணியாற்றினேன். இன்று நான் தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தால் கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். ராஜத்தின் உணவகத்துக்குச் சாமான் வாங்குவதும் விலை நிர்ணயிப்பதும் நானே.

4. தங்கள் அறிவிப்பில் முதல் குற்றச்சாட்டு, சோறு எடை குறைவு என்பது. ஒரு சாப்பாட்டுக்கு முந்நூறு கிராம் சோறு. ஐந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது ஒப்பந்தம். 6.1.2025 அன்று ஆய்வாளர் தீபக் பாபு நிறுத்துப் பார்த்ததில் இருநூற்று எண்பத்தைந்து இருந்தது. குறைவு பதினைந்து கிராம். அவர் அந்தப் பதினைந்தை, நிறுத்த எடையான இருநூற்று எண்பத்தைந்தால் வகுத்து, 5.26 சதவீதம் என்று எழுதியிருக்கிறார். ஐயா, எதிலிருந்து குறைந்தது என்று பார்க்க வேண்டும். முந்நூறிலிருந்து குறைந்தது. முந்நூறால்தான் வகுக்க வேண்டும். சரியாக ஐந்து சதவீதம், விதிக்கு உட்பட்டது. ஜாதவ்பூரில் கணிதம் எம்.எஸ்ஸி. படிக்கும் மேற்படி ஸ்மிதா இதைக் கண்டுபிடித்தார். நானும் கண்டுபிடிக்கும் நிலையில்தான் இருந்தேன்.

5. இதே தவறைத் தேங்காய் விஷயத்திலும் செய்திருக்கிறார்கள். தேங்காய் முப்பத்து மூன்று சதவீதம்தான் ஏறியது, அதற்காகச் சாப்பாட்டு விலையை இவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை என்று அறிவிப்பு சொல்கிறது. இருபத்தெட்டு நாற்பத்திரண்டானது. ஏறியது பதினான்கு. அதைப் பழைய விலையால் வகுத்தால் ஐம்பது சதவீதம். புதிய விலையால் வகுத்ததால் முப்பத்து மூன்றாகச் சுருங்கிவிட்டது. ராஜம் தேங்காய் வாங்குவது புதிய விலையில்; அவர் வயிற்றில் விழுந்த அடி ஐம்பது சதவீதம். ஒரே எண்ணைத் தப்பான இடத்தில் வைத்தால் ஒரு குடும்பத்தின் கஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது.

6. இனி இரண்டாவது குற்றச்சாட்டு. உண்மையில் எங்கள் கழுத்தைப் பிடித்திருப்பது இதுதான். ஏப்ரல் முதல் தேதி என்ன விலையோ, அதற்கு மேல் ஒரு வருடத்துக்குள் இருபது சதவீதம்வரைதான் எழுத்து அனுமதி இல்லாமல் ஏற்றலாம். மீறினால் ஒப்பந்தம் ரத்து. ஏப்ரலில் முழுச் சாப்பாடு நூறு ரூபாய். ஜூலையில் பத்து சதவீதம் ஏற்றி நூற்றுப் பத்து. டிசம்பர் முதல் தேதி மறுபடி பத்து சதவீதம். நூற்றுப் பத்தில் பத்து சதவீதம் பதினொன்று. ஆக நூற்று இருபத்தொன்று. பத்தும் பத்தும் இருபது என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால் நூறு ரூபாய் நூற்று இருபத்தொன்றானால் ஏற்றம் இருபத்தொரு சதவீதம். ஒரு சதவீதம் மீறிவிட்டது. ஒரே ஒரு ரூபாய், ஐயா.

7. இந்த ஒரு ரூபாய்க்கு ராஜம் பொறுப்பல்ல. விலை ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, 29.11.2024 வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, தங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு ரோஹித் பாபு அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். பத்து சதவீதம் இரண்டு முறை ஏற்றினால் இருபதுதானே, நூற்று இருபத்தொன்று என்று வைக்கலாமா என்று கேட்டேன். அவர், தாராளமாக வையுங்கள், விதிக்கு உட்பட்டதுதான் என்றார். பின்னால் யாரோ இரண்டு முறை தும்மியதுகூட எனக்குக் கேட்டது. அலுவலகமே சொன்ன வழியில் நடந்தவரை அலுவலகமே வெளியேற்றுவது நியாயமா என்று பணிவுடன் கேட்கிறேன்.

8. இருபத்தொரு ரூபாயைப் புதிய விலையான நூற்று இருபத்தொன்றால் வகுத்தால் பதினேழு சொச்சம்தான் வருகிறது, எனவே மீறலே இல்லை என்றும் இங்கே எழுத இருந்தேன். ஸ்மிதா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "காகு, சோத்துக்குப் பழசால வகுப்பீங்க, விலைக்குப் புதுசால வகுப்பீங்களா? இது கணக்கு இல்ல, ஜோச்சுரி" என்றார். காகு என்றால் சித்தப்பா; பித்தலாட்டம் என்பதற்கு இங்கே ஜோச்சுரி என்பார்கள். அதனால் அந்த வாதத்தை நான் எழுப்பவில்லை.

9. எங்கள் நிலையைச் சொல்கிறேன். அறிவிப்பு வந்த மறுநாள் பொங்கல். அன்றும் உணவகம் நடந்தது. ராஜம் பிளேடால் விலைப் பலகையில் இருந்த கடைசி ஒன்றைச் சுரண்டிப் பூஜ்யமாக எழுதினார். சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். டிசம்பரிலிருந்து சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்று திருப்பித் தருவதற்காக, வங்கியில் மாற்றிய சில்லறையை ரசக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு கைகழுவும் இடத்தில் நிற்கிறார். "லாக்பே நா, தீதி" என்று தொழிலாளர்கள் அதே கிண்ணத்தில் திரும்பப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வேண்டாம் அக்கா என்கிறார்கள். மறுநாள் அதே சில்லறையோடு அதே இடத்தில் நிற்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் அடுப்பு வைப்பது? மூன்று பெண்களில் ஒருவர் இப்போதே வேறு வேலை தேடுகிறார். ஒப்பந்தம் போனால் ராஜத்தின் வீட்டு வாடகைக்கும் வழியில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

10. இதுவரை எழுதியதை இன்று மதியம் பந்தி முடிந்ததும் உணவக மேசையிலேயே ராஜத்துக்குப் படித்துக் காட்டினேன், ஒப்பந்ததாரர் என்ற முறையில் அவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால். ஐந்நூறு பேர் என்ற இடத்தில் நிறுத்தி, "நூத்தி அறுவது பேருண்ணே" என்றார். என்னோடு வந்திருந்த ஸ்மிதா உண்மையான நூற்று அறுபதால் வகுத்துப் பார்த்து, என் பிழை இருநூற்றுப் பன்னிரண்டரை சதவீதம் என்றார். லேக் மார்க்கெட்டில் என் சொல்லைக் கேட்டது பத்துப் பேர் அல்ல, இரண்டு பேர் என்பதும் அப்போது வெளிவந்தது. அது நானூறு சதவீதப் பிழை. இவற்றைத் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

11. ஏழாவது பத்தி வந்தது. ராஜம் கேட்டார்: "இதப் படிச்சா ரோஹித் தம்பிய என்ன பண்ணுவாங்கண்ணே? வேலை போயிருமா?" நான் எட்டாவது பத்திக்குப் புரட்டினேன். "நவம்பர்லேயே நீ சொன்ன, அவரக் கேட்டாச்சுன்னு. நோட்டீஸ் வந்த நாள்லருந்து அந்தத் தம்பி எதிர்ல வந்தா நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா அதுக்குச் சங்கடமா இருக்கும்ல. தெரியாம சொல்லியிருக்கும்னு நெனச்சு அப்பளம் ஒண்ணு கூட வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

12. ஐயா, ரோஹித் பாபுவை நான் அழைக்கவே இல்லை. அவருடைய எண் என்னிடம் கிடையாது. தும்மலும் நான் போட்டதுதான்.

13. நடந்தது இது. நவம்பர் கடைசியில் ராஜம் என்னிடம், "நூத்தி இருவதாவே வைப்போம்ணே, ஒத்த ரூவாக்கு யாரு சில்லறை குடுப்பா" என்றாள். நான்தான் கணக்கு என்றால் கணக்கு, பத்து சதவீதம் என்றால் பதினொரு ரூபாய், பத்தும் பத்தும் இருபது என்றேன். அவளுக்கு மனது ஒப்பவில்லை. "எதுக்கும் ஆபீஸ்ல யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுருண்ணே" என்றாள். கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடும். கேட்டாச்சு என்றேன். யாரை என்றாள். அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ரோஹித். தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிற பையன். அந்தப் பெயரைச் சொன்னேன். அவள் சொன்ன நூற்று இருபதை வைத்திருந்தால் ஏற்றம் சரியாக இருபது சதவீதம். தங்கள் அறிவிப்பில் விலையைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது. பள்ளிக்கூடம் போகாதவள் சொன்ன விலை சரி. நான் சொன்ன விலை தப்பு.

14. இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் விளக்கம் தர நாளை மாலை ஐந்து மணிவரைதான் அவகாசம். அதைவிட முக்கியம், ஏழாவது பத்தியை அடித்துவிட்டால் என் பொய்யை ராஜத்தின் எதிரில் மட்டும் ஒப்புக்கொண்டதாக ஆகும். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

15. ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது: சோறு எடைக் கணக்கை முந்நூறால் வகுத்துப் பார்த்து அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டும். விலையில் மீறல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். அபராதம் போடுங்கள், விலையை நூற்றுப் பத்துக்கே இறக்கச் சொன்னாலும் ராஜம் இறக்குவாள். முப்பத்தொன்றாம் தேதி அடுப்பை அணைக்கச் சொல்லாதீர்கள். தண்டனை யாருக்காவது வேண்டுமென்றால் எனக்குக் கொடுங்கள். நான் உணவக வாசற்படி மிதிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள், கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ரோஹித் பாபுவிடம் இதுபற்றி ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். அவர் இன்றும் வந்து சாப்பிட்டுப் போனார். அப்பளம் இரண்டு.

16. என் மற்றப் பிழைகளுக்கெல்லாம் சதவீதம் போட்ட ஸ்மிதாவிடம் இதற்கும் போடச் சொன்னேன். நான் பேசியதாகச் சொன்ன அழைப்பு ஒன்று. உண்மையில் பேசியது பூஜ்யம். உண்மையான எண்ணால்தான் வகுக்க வேண்டும், பூஜ்யத்தால் வகுக்க முடியாது காகு, இதற்குச் சதவீதமே கிடையாது என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார்.

இடம்: கொல்கத்தா
நாள்: 20.1.2025

இப்படிக்கு,
பத்தும் பத்தும் இருபது என்று சொன்ன,
கோ. பன்னீர்செல்வம்
(ஒப்பந்ததாரரின் அண்ணன்)

படிக்கக் கேட்டேன், சம்மதம்:
ராஜம்