காலணியைக் கழற்ற வைத்த வீடு

அன்புள்ள அண்ணா,

"அப்பாவுக்குப் பொம்மைப் படம் காட்டாதே" என்று சொல்லி நீ போனை வைத்து எட்டு மாதமாகிறது. என் மெய்நிகர் ஆவணப்படம் நேற்று சியோலில் திரையேறியது. உன் குண்டுத் தங்கை புதுக் கோட்டுக்குள் மூச்சுவிடாமல் நின்றாள். "இது நம்ம வீடில்ல" என்று அப்பா சொல்லியிருந்தால் நீ ஜெயித்திருப்பாய்.

அப்பா மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டியதும், சிறுவயதில் போருக்குத் தப்பி வடகொரியாவில் விட்டுவந்த, நான் படத்தில் மறுபடி எழுப்பிய ஹாம்ஹுங் வீட்டு முற்றத்தில் நின்றார்.

"கிம்ச்சி ஜாடி எட்டா? மூணுதான்டி! இங்கயும் உன் பவிசைக் காட்டணுமா?"

தொலைந்தேன் என்று நினைத்தேன். அதற்குள் குனிந்து காலணியைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

"அப்பா, நிஜத்துல இது வெறும் சிமெண்டுத் தரை, சில்லுன்னு இருக்கும்!"

"வாய மூடு. எங்கம்மா இப்பத்தான் துடைச்சிருக்கா."

அவரைப் பார்த்து, படம் பார்க்க வரிசையில் நின்ற எல்லோரும் கழற்றினார்கள். விழாவுக்கு வந்திருந்த அமைச்சக அதிகாரியின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

ஜாடியை மூன்றாக்கிவிட்டேன். சனிக்கிழமை வா, ஓட்டையில்லாத காலுறையாகப் போட்டுக்கொள்.

உன் வாயாடித் தங்கை