மந்தண்ணாவுக்கு ஓர் ஆணை

விராஜ்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பெள்ளியப்பாவுக்கு அவ்வா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். நீயும் நலம் என்று உன் அலுவலகத்தில் போனை எடுத்தவர் சொன்னார், நீதான் எடுக்கவில்லை. அதனால் விடுப்பு முடிந்து உங்கள் படைப்பிரிவுக்குத் திரும்பும் ஹவில்தார் அய்யண்ணாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மழை விடவில்லை, காபிக்காய் நிறைய உதிர்ந்துவிட்டது, அதெல்லாம் பிறகு.

மந்தண்ணா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். உன் பட்டாளத்துச் சிப்பாய் சொல்லாமல் ஓடிவந்தது உன் மேசைக்கு வராமலா இருக்கும். அவனை வளர்த்த சித்தப்பா சாகக் கிடந்தபோது விடுப்புக் கேட்டிருக்கிறான். நீ வகுத்து, தளபதி பாராட்டிய புதிய விடுப்பு முறையில் பெற்றவருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு, சித்தப்பாவுக்கு இல்லையாம். வேறு யாராவது வகுத்திருந்தால் தெரியாமல் செய்தான் என்பேன். சித்தப்பாவும் அப்பாதான் என்கிற வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவன் நீ. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவை ஊருக்குச் சொல்ல வானத்தைப் பார்த்து அவன் சுட வேண்டிய இரண்டு வேட்டையும் உன் அப்பா சுட்டார். அவன் சித்தி சீதவ்வா எல்லார் முன்னாலும், "உங்க ஆபீசர் பையன் வச்ச பரீட்சையில என் வீட்டுக்காரர் பெயிலாயிட்டாராமே, முத்தக்கி அக்கா" என்றாள். மந்தண்ணாதான் அவளை அதட்டினான், "சும்மா இரு சித்தி, பெள்ளி என்ன பண்ணுவான், அவனுக்கு மேலயும் ஆளு இருக்குல்ல" என்று. இந்த நிலையிலும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது அவன் சாப்பிடுவதில்லை. நேற்று என்னிடம், "அத்தே, போலீஸ் வந்து விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறத ஊரே பாக்கணுமா? அதுக்கு முன்னாடி கைல்போது வந்துரும்ல?" என்று கேட்டான். ஏன் அந்தப் பண்டிகையைக் கேட்கிறான் என்று புரிகிறதா, பெள்ளி? புதன்கிழமை வீட்டுக்கு வீடு துப்பாக்கியை எடுத்துப் பூச்சூட்டி விளக்கின் முன் வைப்போம். சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லி சீதவ்வா வீட்டுத் துப்பாக்கியை அப்பா வாங்கிவந்து நம் அலமாரியில் பூட்டியிருக்கிறார். அன்று அவன் வந்து கேட்டால் என்ன சொல்லி மறுப்பது? நான் எளிதில் பயப்படுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். பயமாக இருக்கிறதடா. தானாகத் திரும்பிப் போனால் தண்டனை குறையும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "ரிட்டயர்டு சுபேதார் சொல்லி என்ன மாமா ஆகப்போவுது, பெள்ளி சொல்லட்டும், போறேன்" என்றான்.

ஓடிவந்தவனோடு தனியாகப் பேசக்கூடாது என்று விதி இருக்கலாம். அனுமதி கேள், கிடைக்காவிட்டாலும் பேசு. ஆறுதல் சொல்லாதே, அவனுக்கு அது ஏறாது. திரும்பி வா என்று ஆணையிடு. நான் வகுத்ததில் பிழை இருக்கிறது, விசாரணையில் அதை நானே சொல்வேன் என்றும் சொல். உன் பதவி உயர்வு போய்விடும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

காவேரித் தாய் உன்னைக் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். அய்யண்ணா ஞாயிறு மாலை அங்கு வந்துவிடுவான், படித்த உடனே சீதவ்வா வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு. நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவேன், என்னோடு நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

உன் அவ்வா,
முத்தக்கி