பின்கதவை நான் தருவதாக இல்லை

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பயிற்சி கொடுக்கப் போன இடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து நீயும் ஓடுகிறாயாமே, குறைத்துக்கொள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கிரிக்கெட் அருங்காட்சியகத்து அதிகாரி ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தார். உன் தொப்பி, கையுறை, யாரும் எடுக்காத ரன்னை நீ எடுத்த அன்று பிடித்திருந்த மட்டை, அன்றைக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பந்து, எல்லாவற்றையும் துணியில் சுற்றி நானே எடுத்துக் கொடுத்தேன். அதோடு போய்விடுவார் என்று பார்த்தால், பின்கதவையும் கழற்ற வேண்டும், நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று தாளை நீட்டினார். ஆள் குடியிருக்கிற வீட்டில் கதவைக் கழற்றுவதா என்றேன். புதுசா கண்ணாடிக் கதவே போட்டுத் தர்றோம்மா, வெளிச்சம் வரும் என்றார். அப்போ நான் துணி துவைக்கிறதையும் காட்சிக்கு வச்சுடுங்க, டிக்கெட்டு நானே கிழிக்கிறேன் என்றேன். தச்சர் சிரித்துவிட்டார், அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து உன் அண்ணன், லிப்ட் பழுதுபார்த்த கிரீஸ் கையோடு பின்பக்கமாக உள்ளே வந்தான். அவனைத் தச்சரின் ஆள் என்று நினைத்து, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார் அதிகாரி. அவனும் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தான். இவன் என் பெரிய பிள்ளை என்றதும், அப்படியா, சார் எந்தப் பேட்டியிலயும் அண்ணன் இருக்கார்னு சொன்னதில்லையே என்றார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் மாட்டப் போகும் பலகையின் வாசகத்தைக் காட்டினார். உன் ஆட்டச் செய்திகளைப் படிப்பதற்காகவே பத்திரிகையை வைத்து எழுத்துக்கூட்டிக் கற்றவள் நான், தப்பாமல் படித்தேன். சாதனை நாயகன் சிறுவயதில் தனியாகப் பயிற்சி செய்த கதவு என்று போட்டிருந்தது.

தனியாகவா? கதவுதான் ஸ்டம்பு, அதற்கு முன்னால் மட்டையோடு நின்றவன் நீ, பந்து போட்டவன் அவன். நீ அடித்ததெல்லாம் எதிர்ச் சுவரைத் தாண்டிப் போயிற்று, நீ விட்ட பந்துதான் கதவில் பட்டது. அதில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் அவன் உன்னை அவுட்டாக்கியது. உள்ளே சமைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான், எனக்கா தெரியாது. உன் சாமான்களை ஊரே பார்க்கட்டும். இந்தக் கதவு அவனுடையது, அதற்குக் கையெழுத்துப் போட நீ யார்? அவனோ, குடுத்துடும்மா, இதுக்குப் போய் அவன்கிட்ட சண்டை போடாதே என்கிறான். ஆனால் அன்றிலிருந்து பின்கதவைத் தொடுவதில்லை, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வருகிறான்.

அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி வருகிறார்களாம். பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். அந்தப் பலகையில் அண்ணன் பெயர் உன் பெயருக்கு மேலே வர வேண்டும், அதன் பிறகும் அவன் மனதாரச் சரி என்றால்தான் கதவு நகரும். அமைச்சரையே கூட்டிவந்தாலும் இதுதான் என் பேச்சு.

மருமகளும் குழந்தையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மறக்காதே. எனக்குப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். அண்ணனைக் கூப்பிடு. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு. அவுட்டான பிறகும், இன்னும் ஒரே ஒரு பந்து போடுண்ணா என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவாயே, அப்படிக் கேள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா