கடலில் எறிந்த சோயாக்கட்டி

அன்புள்ள லீமாவுக்கு,

நீயும் மோளும் சுகம்தானே? அம்மைக்கு மூச்சுமுட்டல் குறைந்ததா? நான் நலம். நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான்.

இங்கே கொரியாவில், படகு முதலாளி வீட்டு உத்தரத்தில், அவித்து இடித்த சோயாப்பயறைக் கட்டி கட்டியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் பூசணம். "ஏலே, கெட்டுப் போச்சு, கொண்டு கடல்ல எறியிலே" என்றான் என்னோடு தங்கியிருக்கும் தேங்காய்ப்பட்டணம் விபின். உபகாரம் என்று நினைத்து எறிந்தேன். வருஷம் முழுக்க அவர்கள் குழம்பு வைப்பதே அந்தப் பூசணம் பிடித்த கட்டியில்தானாம்!

முதலாளியின் மனைவி உலக்கையோடு பாய்ந்து வந்தாள். முதல் அடி தோளில். இரண்டாவதில் நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. விபின் ஓடியே போய்விட்டான். நீ காயவைத்த கருவாட்டை ஒருத்தன் கடலில் கொட்டினால் சும்மா விடுவாயா? வெட்டுக்கத்தியைத்தானே எடுப்பாய்? அதனால் நான் திருப்பி அடிக்கவில்லை.

ரத்தத்தைப் பார்த்ததும் அவளே அலறினாள். என் தலையை மடியில் வைத்து, காயத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சாளைக் கருவாடு கொஞ்சம் அனுப்பு, அவளுக்குக் கொடுக்க வேண்டும். படகு கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள். இங்கே வந்த இரண்டு வருஷத்தில் ஒரு மனுஷக் கை என் தலையைத் தொட்டது அன்றைக்குத்தான், லீமா.

உன்
ஆன்றோ