காணாமல் எழுதின ஆறு கிழமை

மார்கழி 12, வியாழன்

விடியத் தொடக்கம் தூறல். வாடைக்காத்து. ஸ்கூட்டி ஸ்ரார்ட் எடுக்கேல்லை. உதைச்சு உதைச்சு வலக்கால் முழங்கால் போச்சுது. ஞாயிறு மழை விடேல்லை, அதாலை பறவை எண்ண இண்டைக்கு.

பள்ளத்தரவை வெளி, 6.40 – 7.50. தண்ணி மதகின்ரை மூண்டாம் கல் மட்டும்.
ஊசிவால் வாத்து 84
கருவால் மூக்கன் 31
பவளக்கால் உள்ளான் 46
மீசை ஆலா 12
கூழைக்கடா 2 (ஒண்டுக்குச் செட்டையிலை காயமோ?)
சின்ன உள்ளான் வகை: எண்ண ஏலாது. இடக்கண் புகையுது. வெள்ளை படர்ந்திருக்காம், மாசியிலை திரும்ப வரட்டாம் எண்டு கண் டொக்டர்.

வீட்டை வர, பாக்கியம் அக்கா மதிலாலை எட்டி, "ரீச்சர், பறவையளுக்கு இடாப்புக் கூப்பிட்டாச்சோ? ஆராவது வரேல்லையோ?" பள்ளிக்கூடத்தாலை இளைப்பாறி நாலு வருசம். இன்னும் இந்தப் பகிடி. "ரெண்டு பேர் லீவு" எண்டன். சிரிக்கவும் அலுப்பு.

பாண் வாங்க மறந்து போனன். தேத்தண்ணியும் ரெண்டு வாழைப்பழமும்.

மார்கழி 22, ஞாயிறு

மழை விட்டிட்டுது. வானம் இன்னும் சாம்பல்.

தரவையின்ரை தெற்குக் கரையிலை கட்டை அடிச்சுச் சிவப்புக் கயிறு கட்டிக் கிடக்குது. மாடு கட்டினதாக்கும் எண்டு நினைச்சன். கண்டறியாத நினைப்பு. கயிற்றின்ரை மற்றத் தொங்கலிலை தவம் அண்ணை, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு. எங்கடை ஒழுங்கை வான்காரர்.

"கேள்விப்படேல்லையோ ரீச்சர்? காணிக்காரர் லண்டனிலை. என்ரை பேருக்கு அற்றோணி அதிகாரம் எழுதிப்போட்டினம். நிரப்பி மண்டபம் கட்டப் போகினம். பாக்கிறது நான்தான்."

"இதிலை தண்ணியெல்லோ நிக்கிறது?"

"அதுக்குத்தானே மண் கொட்டுறது."

சிரிச்சிட்டன். என்ன செய்யிறது, மனுசன் முகத்துக்கு நேரை பொய் சொல்லாது. ஸ்ரேரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்க நாரி நோ விடுகுதில்லையாம். மண்டபம் வந்தால் அதிலை மனேச்சர் வேலை தாறம் எண்டு சொல்லியிருக்கினம். அவருக்கும் அறுபத்து நாலு.

வாத்து எண்ணத் தொடங்கி ரெண்டு தரம் விட்டுப்போச்சு. மூண்டாந்தரம் 91. சரியோ தெரியாது.

தை 3, வெள்ளி

கிராமசேவகர் கந்தோருக்கு, விதானையாரிட்டைப் போனன். எதிர்ப்பு எழுதிக் குடுக்கலாமாம். ஆனால் கடைசி மூண்டு மாரியும் அந்த நிலத்திலை தண்ணி நிண்டதெண்டு காட்டவேணும். எழுத்திலை, திகதியோடை. ஒரு மாரி விட்டாலும் சரிவராது.

"அப்பிடி ஒண்டு ஆரிட்டை ரீச்சர் இருக்கப்போகுது?" எண்டவர், என்னைப் பாத்திட்டுத் தானே துள்ளி எழும்பினார். "உங்கடை கொக்குக் கொப்பி!"

ஓம். கொக்குக் கொப்பி. பத்தொன்பது வருசம், ஒரு கிழமை விடாமல். தண்ணி எத்தினையாம் கல் எண்டதோடை. ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சதும் நான்தான். விதானையாரின்ரை மனுசி வடை கொண்டந்து தந்தா. எல்லாருக்கும் சந்தோசம்.

வந்து அலுமாரியைத் திறந்தன். இந்த மாரிக் கொப்பி, போன மாரிக்கு முதல் மாரிக் கொப்பி ரெண்டையும் எடுத்து வைச்சன். போன மாரியின்ரையை எடுக்கேல்லை. பிறகு பாப்பம்.

தை 14, செவ்வாய்

பொங்கேல்லை. அம்மா செத்து வருசம் திரும்பேல்லை, ஆட்டை இன்னும் முடியேல்லை. பாக்கியம் அக்கா ஒரு கிண்ணத்திலை பொங்கல் அனுப்பினவா, கயூப்பருப்பு குறைவு.

பின்வளவிலை ஆறுமணிக்குருவி. சரியா 6.04க்குக் கத்திச்சுது. அயல் முழுக்க வெடி கொளுத்த, அது தன்ரை பாட்டிலை.

எதிர்ப்புக் கடிதம் எழுதி முடிச்சன்.

தை 19, ஞாயிறு

பனி. எட்டு மணி மட்டும் ஒண்டும் தெரியேல்லை. பிறகு வாத்து 120க்கு மேலை, மூக்கன் 44. தண்ணி நாலாம் கல்.

இண்டைக்குத்தான் போன மாரிக் கொப்பியைத் திறந்தன். எழுதிப்போடுறன். இஞ்சை எழுதாட்டி வேறை எங்கை எழுதுறது.

போன வருசம் தை 7 துடக்கம் மாசி 11 மட்டும், ஆறு ஞாயிறு, நான் தரவைக்குப் போகேல்லை. அம்மா ஆசுபத்திரியிலை. வாட்டுக்கு வெளியிலை மர வாங்கிலை இருந்து, முந்தின வருசக் கணக்கைப் பாத்து, அங்கை பத்துக் கூட்டி இஞ்சை எட்டுக் குறைச்சு எழுதினன். தண்ணி மூண்டாம் கல், நாலாம் கல் எண்டும் போட்டன். ஒரு கிழமை பூநாரை ஏழு. ஆசைக்கு.

ஏன் செய்தனி எண்டு கேட்டால்? இடையிலை ஒரு கிழமை வெறுமனே கிடக்கிறதைப் பாக்க ஏலாது. அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அந்த மருந்து மணத்துக்கை, அம்மா மூச்சுக்கு இழுக்கிற சத்தத்துக்கை, வாத்து எண்ணினால்தான் எனக்கு இருக்க ஏலுமாய் இருந்தது. எழுதுற அந்த அரை மணித்தியாலம் நான் தரவையிலைதான் நிண்டன். கொப்பியிலை அந்தப் பக்கங்கள்தான் வடிவான எழுத்து. சேறில்லை, மழைத்துளியில்லை.

செய்யாத பரிசோதனைக்கு முடிவு எழுதின பிள்ளையளை முப்பது வருசம் எழுப்பி நிக்க வைச்ச விஞ்ஞான ரீச்சர். சீ.

எண்டாலும் தண்ணி நிண்டதுதான். அது பொய்யில்லை. ஊரிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். சொல்லுவினம், கையெழுத்து வைக்காயினம். தவம் அண்ணையோடை ஆர் பகைக்கிறது?

மாசி 2, ஞாயிறு

அம்மாவின்ரை ஆட்டைத் திவசம், திதிப்படி. விடிய அஞ்சுக்கு எழும்பி ஒன்பது கறி. நாரி முறிஞ்சு போச்சு.

ஐயரை நீர்வேலியிலையிருந்து ஏத்திக்கொண்டு வந்தது தவம் அண்ணை. நான் எதிர்ப்புக் குடுக்கப்போறன் எண்டு தெரிஞ்சும். "அது வேறை, இது வேறை, ரீச்சர்." வாழையிலை வெட்டினார், கதிரை தூக்கினார், பாக்கியம் அக்காவை அடுப்படியாலை கலைச்சார்.

காகத்துக்கு வைச்ச சோத்துக்கு வந்தது: காகம் 4, பூனை 1.

எல்லாரும் போன பிறகு, கை துடைச்சுக்கொண்டு உள்ளை வந்தவர், மேசையிலை நாளைக்குக் குடுக்க வைச்ச போட்டோக்கொப்பிக் கட்டைக் கண்டிட்டார். "இதுதானோ எனக்கு எதிரான சாமான்?" பகிடியாய்த்தான் எடுத்தவர். புரட்டினார். விரல் ஒரு இடத்திலை நிண்டது.

"தை 21, விடிய ஆறே முக்கால்" எண்டு வாசிச்சார். "ரீச்சர், அண்டைக்குத்தானே அம்மாவுக்குக் கடுமை எண்டு உங்களை ஆறு மணிக்கு ஏத்தினது? வழி முழுக்க அழுதுகொண்டெல்லோ வந்தனீங்கள்."

நான் கோப்பைகளை அடுக்கினன். ஆறு கிழமையும் காலமையும் பின்னேரமும் என்னை ஏத்தி இறக்கின மனுசன். அவருக்குத் தெரியாட்டி வேறை ஆருக்குத் தெரியும்.

கட்டைத் திரும்ப வைச்சார். ஓரத்தைத் தட்டி ஒழுங்காக்கினார். "பாயாசம் மிச்சம் இருக்கோ?" எண்டார். குடுத்தன். குடிச்சிட்டுப் போயிட்டார்.

மாசி 3, திங்கள்

அந்த ஆறு பக்கத்தையும் எடுத்துப்போட்டுக் குடுப்பம் எண்டு பிரதேச செயலகக் கந்தோர் வாசலிலை நிண்டு யோசிச்சன். எடுத்தால் ஒரு மாரி போச்சு. ஒரு மாரி போனால் தரவை போச்சு. எடுக்கேல்லை. குடுத்திட்டன்.

தலையிடி. நேரத்தோடை படுக்கப்போறன்.

மாசி 23, ஞாயிறு

வெய்யில் ஏறிட்டுது. தண்ணி முதலாம் கல்லுக்குக் கீழை.
ஊசிவால் வாத்து 17
மூக்கன் 60க்கு மேலை, ஒரே கூட்டமாய், வெளிக்கிட நிக்குதுகள். கழுத்திலை செம்மண் நிறம் பிடிக்கத் தொடங்கியிருக்கு.
ஆலா இல்லை.

கடையடியிலை தவம் அண்ணை. "கண் வைத்தியம் என்னமாதிரி ரீச்சர்?" அவ்வளவுதான். கொப்பியைப் பற்றி ஒரு சொல்லில்லை. உவர் ஏன் சொல்லுறாரில்லை? ஒரு வசனம் கந்தோரிலை சொன்னால் மண்டபம் அவருக்கு. அம்மா கிடந்த கிடையை நினைச்சோ, என்ரை மானத்தை நினைச்சோ. அவர் என்னை வெருட்டினால் சண்டை பிடிக்கலாம். இப்பிடி ஒண்டும் கதையாமல் இருக்கிற மனுசனோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

கண்ணிலை வெள்ளை வெட்டத் திகதி தரேல்லை. சமையல் காஸ் முடியுது. எழுதி வைக்கோணும்.

பங்குனி 18, செவ்வாய்

கந்தோரிலையிருந்து நிலம் பாக்க வந்தவை. முப்பது வயசுக்குக் கீழை ஒரு பொம்பிளைப்பிள்ளை, குடையோடை, புதுச் சப்பாத்து. பின்னாலை விதானையார். தவம் அண்ணை தள்ளி, வானுக்குப் பக்கத்திலை.

தரவை பாளம் பாளமாய் வெடிச்சுக் கிடக்குது. ரெண்டு மாடு.

"இதிலை எங்கை ரீச்சர் தண்ணி?"

"மாரியிலை வாங்கோ பிள்ளை."

"பைல் சித்திரைக்கை முடியோணும்."

மாரியிலை தண்ணி நிக்குதோ எண்டு பாக்கப் பங்குனியிலை வருகினம். ஆரின்ரை மூளையோ. பிள்ளையிலை பிழையில்லை, வேர்த்து ஒழுகுது பாவம். ஆள்காட்டி ரெண்டு தலைக்கு மேலாலை சுத்திக் கத்திச்சுதுகள். எங்கையோ முட்டை இருக்கு. காலைப் பாத்து வையுங்கோ எண்டன். பதறிப்போய் ஒற்றைக் காலிலை நிண்டுது பிள்ளை. கனநாளைக்குப் பிறகு வாய் விட்டுச் சிரிச்சன்.

போகேக்கை சொன்னா: "அப்ப உங்கடை கொப்பி ஒண்டுதான் ரீச்சர் சாட்சி. நல்லாய்ச் செய்து வைச்சிருக்கிறியள். நான் வாசிச்சனான். பூநாரை வந்த கிழமை எனக்குச் சரியான விருப்பம்."

அந்தக் கிழமை.



பங்குனி 30, ஞாயிறு

வாத்து 0. மூக்கன் 0. ஆறுமணிக்குருவியும் கத்தேல்லை, போயிட்டுது போலை. தகைவிலான் வயரிலை 9. ஆள்காட்டி 2, குஞ்சு 3.

வெள்ளிக்கிழமை விசாரணை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் தரவை தப்பும். அவ்வளவுதான் செய்யவேண்டியது. பத்து நிமிசம் சும்மா கதிரையிலை இருக்கிறது.

சித்திரை 4, வெள்ளி

காலமை பஸ்ஸிலை போனன். கந்தோரிலை காத்தாடி சுத்துது, காத்தில்லை. அந்தப் பிள்ளை மேசைக்கு அங்காலை. விதானையார். தவம் அண்ணை வெள்ளைச் சேட்டு.

மூண்டு மாரிக் கொப்பியையும் பிள்ளை ஒவ்வொண்டாய்ப் புரட்டிச்சுது. பிறகு தவம் அண்ணையைப் பாத்து, "இந்தப் பதிவிலை உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை இருக்கோ?"

அவருக்கு முன்னாலை போன மாரிக் கட்டு விரிச்சபடி. பாத்தார். காத்தாடியைப் பாத்தார்.

"இல்லைப் பிள்ளை. ரீச்சர் எழுதினால் சரியாய்த்தான் இருக்கும்."

அந்தச் சொல்லு. வேறை எதைச் சொல்லியிருந்தாலும் நான் இருந்திருப்பன். எழும்பிட்டன். முழங்கால் தன்ரை பாட்டிலை எழும்பின மாதிரி.

"அது சரியில்லைப் பிள்ளை. போன வருசம் தை ஏழு துடக்கம் ஆறு கிழமை நான் அங்கை போகேல்லை. ஆசுபத்திரியிலை இருந்து எழுதினது. ஒண்டும் கண்ணாலை காணேல்லை."

விதானையார் "ரீச்சர், இருங்கோ, இருங்கோ" எண்டு சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்காத குறை. பிள்ளை பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்துக்கொண்டு இருந்துது. கோவமில்லை. அழுகிற முகம்.

"பூநாரையுமோ?"

"ஓம். அதுவும்."

"தண்ணி நிண்டது உண்மை எண்டால், அதை மட்டும்..."

"நிண்டதுதான். ஆனால் நான் பாக்கேல்லை."

அந்த ஆறு பக்கத்துக்கும் குறுக்கை கோடு கீறிச்சுது. மிச்சம் ரெண்டு மாரி. சட்டப்படி ரெண்டு காணாதாம், மூண்டும் வேணுமாம். எதிர்ப்பு நிராகரிப்பு. கடிதம் வீட்டுக்கு வருமாம். கையெழுத்து வைச்சன்.

வெளியிலை கண்ணைக் குத்துற வெய்யில். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம். தவம் அண்ணை வானைக் கொண்டந்து முன்னாலை நிப்பாட்டி, "ஏறுங்கோ" எண்டார். வீம்பு பிடிக்கச் சத்தியில்லை. ஏறினன்.

புத்தூர் தாண்ட, றோட்டைப் பாத்துக்கொண்டு சொன்னார்.

"நான் சொல்லியிருக்க மாட்டன் ரீச்சர்."

"தெரியும்."

"பிறகேன்?"

"நீங்கள் சொல்ல மாட்டியள் எண்டு தெரிஞ்சதாலைதான்."

அவர் வானின்ரை முன்கண்ணாடியைத் துடைச்சார், அதிலை தூசியில்லை. திங்கட்கிழமை ரிப்பர் லொறி வருதாம், முதல் லோட்டு மண். அதையும் முகத்துக்கு நேரை சொன்னார். மெல்லமாய்ச் சொன்னார்.

தரவையடியிலை வானை மெதுவாக்கி, நிப்பாட்டவோ எண்டு கேட்டார். இனி எதுக்கு எண்டன். எண்டாலும் நிப்பாட்டினவர். எஞ்சினையும் நிப்பாட்டினார்.

நான் இறங்கேல்லை.